சி3 கார்வெட் பவர் ஸ்டீயரிங் சீல் கிட்: மூன்று பொட்டலங்களும் அவற்றால் ஆகாத வேலையும்

1968 முதல் 1982 வரை வந்த, செவ்ரோலெட்டின் மூன்றாம் தலைமுறை ஸ்போர்ட்ஸ் காரான சி3 கார்வெட்டில் ஸ்டீயரிங் கனத்துப்போனாலோ, வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டினாலோ, பெரும்பாலோர் முதலில் தேடுவது, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்களின் தொகுப்பான சீல் கிட்டைத்தான். கார்வெட் உதிரிபாகம் விற்கும் அமெரிக்கக் கடைகளில் இது மூன்று தனிப் பொட்டலங்களாகக் கிடைக்கிறது: பம்புக்கு ஒன்று, கன்ட்ரோல் வால்வுக்கு ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று. புதுப் பாகங்களின் விலையோடு ஒப்பிட்டால் மூன்றும் சேர்ந்தே சில்லறைக் காசுதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பம்ப் கிட்டை யோசிக்காமல் வாங்கலாம். வால்வு கிட் நல்ல சரக்கு, ஆனால் மாட்டிய பிறகு செய்யவேண்டிய முக்கியமான வேலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. சிலிண்டர் கிட்டை, சிலிண்டரின் ராடைத் தடவிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

இந்த வண்டியின் அமைப்பு மற்றவற்றிலிருந்து வேறு. ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் ஹைட்ராலிக் கிடையாது. அது கிரீஸ் போட்ட சாதாரண மேனுவல் பாக்ஸ். உதவி செய்பவை வெளியே தொங்கும் மூன்று பாகங்கள். என்ஜின் பெல்ட்டில் ஓடும் சாகினா வேன் பம்ப் ஒன்று (சாகினா, ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய ஸ்டீயரிங் பிரிவு; வேன் என்பது பம்புக்குள் சுழன்று ஆயிலைத் தள்ளும் சின்னத் தகடு). ஸ்டீயரிங் பாக்ஸின் கையான பிட்மன் ஆர்ம் வந்து சேரும் இடத்தில், இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் நடுக்கம்பியான ரிலே ராடின் முனையில் திருகியிருக்கும் கன்ட்ரோல் வால்வு இரண்டாவது. ரிலே ராடுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் சிலிண்டர் மூன்றாவது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பிட்மன் ஆர்ம், வால்வின் உருண்டைத் தலை முளையான பால் ஸ்டட்டைத் தள்ளும். அது வால்வுக்குள் ஆயிலின் வழியை மாற்றும் உருளையான ஸ்பூலை இம்மியளவு நகர்த்தும். அந்த நகர்வைப் பொறுத்து ஆயில் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கோ மறுபக்கத்துக்கோ போகும். 1963-ல் சி2 கார்வெட்டோடு வந்த ஏற்பாடு இது. 1982 வரை அடிப்படையில் மாறவில்லை. ஆகவே பாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று பாக்ஸைக் கழற்றுவது வீண் வேலை. அந்த ஈரம் வேறெங்கிருந்தோ வந்தது.

பவர் போன கார்வெட், மேனுவல் ஸ்டீயரிங்கோடு வந்த கார்வெட்டைவிடக் கனமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் ஸ்டீயரிங் ஆர்மில், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடுக்கு இரண்டு துளைகள். பவர் ஸ்டீயரிங் வண்டிகளில் டை ராட் முன்துளையில் இருக்கும். மொத்த விகிதம் 17.6:1, அதாவது ஸ்டீயரிங் வீல் 17.6 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும். மேனுவலில் பின்துளை, 20.2:1. பம்ப் செத்தவுடன் அந்த வேகமான விகிதத்தின் பாரம் முழுதும் கைக்கு வந்துவிடுகிறது. மேனுவலாகவே ஓட்டிக்கொள்ளலாம் என்று பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிடுகிறவர்கள் டை ராடைப் பின்துளைக்கு மாற்றிவிட்டு, டோ-இன்னும் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கிட் வாங்குமுன் அரைமணி நேரம் ஒதுக்கிக் கண்டுபிடிக்க வேண்டியவை இருக்கின்றன. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் அணைந்திருக்க, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புங்கள். அப்போதே டைட்டாக இருந்தால் குற்றம் ஹைட்ராலிக்கில் இல்லை. ஐட்லர் ஆர்ம், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், அளவுக்குமேல் இறுக்கிவிட்ட பாக்ஸ் அட்ஜஸ்ட்மென்ட், இவற்றில் ஏதோ ஒன்று. எந்த சீல் கிட்டும் இதற்கு உதவாது.

தூக்கிய நிலையில் லேசாகச் சுழன்று, தரையில் என்ஜின் ஓடும்போது இரண்டு பக்கமும் கனமாக இருந்தால் பம்ப் பக்கம் பாருங்கள். முதலில் பெல்ட்: பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் திருப்பும்போது வழுக்கும், கீச்சென்று கத்தும். அடுத்து ஆயில் மட்டம். ஆயில் நுரைத்து வெளுத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் பம்பின் அவுட்லெட் ஃபிட்டிங்குக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது விரலால் தள்ளினால் துளைக்குள் தங்குதடையில்லாமல் ஓடவேண்டும். கசடு பிடித்து ஒட்டிக்கொண்டால் அழுத்தம் ஏறாது. பம்பே போய்விட்டது என்று ஒதுக்கப்படும் பலவற்றில் குறை இந்தச் சின்ன உருளையில்தான் இருக்கும். பிரஷர் கேஜ் வைத்துச் சோதிப்பவர்கள் கேஜோடு இருக்கும் அடைப்பு வால்வை 5 வினாடிக்கு மேல் மூடி வைக்கக்கூடாது. பம்ப் சூடேறி உள்ளேயே தன்னைத் தின்றுவிடும்.

ஒரு பக்கம் லேசு, மறுபக்கம் கனம். அல்லது என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் நகர்கிறது. இப்படி இருந்தால் கன்ட்ரோல் வால்வின் ஸ்பூல் நடுவில் இல்லை. பம்ப் வாங்கக் கிளம்பாதீர்கள். சமீபத்தில் ஹோஸ் மாற்றிய வண்டியில், ஸ்டார்ட் ஆன கணத்திலேயே சக்கரம் படாரென்று ஒரு கோடிக்குப் போய் இடித்துக்கொண்டால், வால்விலிருந்து சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களும் இடம் மாறியிருக்கின்றன. ஸ்டீயரிங் கம்பிகளுக்கு நடுவே கைவிட்டபடி முதல் ஸ்டார்ட் அடிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

லீக் விஷயத்தில் கண்ணை நம்பக்கூடாது. வால்வில் கசியும் ஆயில் ரிலே ராட் வழியே ஓடி, சிலிண்டர் பக்கத்தில் போய்ச் சொட்டும். பம்பில் கசிவதை ஃபேன் காற்று பின்னால் அடித்துச் சென்று எல்லா இடத்திலும் பூசிவிடும். முழுவதையும் டிகிரீஸர் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து, கீழே செய்தித்தாள் விரித்து, ஐட்லிங்கில் ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப இன்னொருவர் டார்ச்சோடு பார்ப்பதுதான் வழி. வால்வுக்கென்று தனியாக ஒரு சோதனையும் இருக்கிறது. அதன் முனையில் மெல்லிய தகர மூடி ஒன்று அழுத்திப் பொருத்தியிருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். உள்ளே கிரீஸ் மட்டும் இருந்தால் அந்தப் பக்க சீல் நன்றாக இருக்கிறது. ஆயில் வழிந்து கொட்டினால் சீல் போய்விட்டது, வால்வு கிட் வாங்கவேண்டியதுதான்.

இனி பொட்டலங்களைப் பிரிக்கலாம்.

பம்ப் கிட்டில் ஷாஃப்ட் சீல், ஆயில் டப்பாவுக்கும் பம்ப் உடலுக்கும் நடுவே வரும் பெரிய ஓ-ரிங், பின்பக்க ஸ்டட்களுக்கும் அவுட்லெட் ஃபிட்டிங்குக்குமான சிறு ஓ-ரிங்குகள், உள்ளே பிரஷர் பிளேட்டுக்கும் எண்ட் பிளேட்டுக்கும் உரியவை எல்லாம் இருக்கும். சாகினா பம்ப் ஜெனரல் மோட்டார்ஸின் எத்தனையோ வண்டிகளில் வந்தது என்பதால் இந்த ரப்பர்கள் எங்கும் கிடைப்பவை, அளவு பிசகுவதில்லை. சிரமம் புல்லியைக் கழற்றுவதில் இருக்கிறது. சில பம்புகளில் கீயும் நட்டும் இருக்கும். மற்றவற்றில் புல்லி இறுக்கமாக அழுத்தி ஏற்றியிருக்கும். அழுத்தி ஏற்றியதை அதற்கான புல்லரால் மட்டுமே எடுக்கவேண்டும், திருகு வைத்த கருவியால் மட்டுமே ஏற்றவேண்டும். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் வழியாக அடி உள்ளே இறங்கும். புது சீல் போட்டும் பம்ப் வீணாகும்.

உள்ளே திறப்பவர்களுக்கு: எண்ட் பிளேட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்ற, பம்ப் உடலில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதில் மெல்லிய ‘பஞ்ச்’ கருவியை விட்டு வளையத்தை உள்நோக்கித் தள்ளினால் நெம்புவதற்கு இடம் கிடைக்கும். 10 வேன்கள் இருக்கும். அவற்றின் உருண்டையான ஓரம் வெளியே, அவற்றைச் சூழ்ந்திருக்கும் கேம் ரிங்கைப் பார்த்து இருக்கவேண்டும். ரிங்கில் உள்ள அம்புக்குறி பின்பக்கம் பார்க்கவேண்டும். ஒரு வேன் தலைகீழாகப் போனாலும் பம்ப் முனகும். பழைய ஷாஃப்ட் சீலை எடுக்கும்போது ஷாஃப்டில் கீறல் விழாமல், மெல்லிய தகடு ஒன்றைச் சுற்றி வைத்துக்கொண்டு நெம்புங்கள். சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் எந்த சீலும் நிற்காது. தகர டப்பாவின் வாய் நசுங்கியிருந்தாலும் அப்படித்தான். பெரிய ஓ-ரிங் புதிதாக இருந்தும் அங்கேயே கசியும். இந்தக் கிட்டில் வேனும் கிடையாது, ரிங்கும் கிடையாது. ஆகவே சொட்டும் பம்புக்கு இது மருந்து. அழுத்தமே வராத பம்புக்கு அல்ல.

சிலிண்டர் கிட்டில் ராட் சீல், பின்தாங்கி வாஷர், அழுக்கு வழிக்கும் ஸ்கிரேப்பர், ஸ்னாப் ரிங். கழற்றுவதும் மாட்டுவதும் எளிது: ஸ்னாப் ரிங்கை எடுத்து, ராடை இழுத்தால் பழையவை வெளியே வந்துவிடும். ஆனால் ராடைத் தடவிப் பாருங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் குரோம் உரிந்து துருப்புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் புது சீலின் உதட்டைச் சில வாரங்களில் அரம்போல் தேய்த்துவிடும். எமரி தாளால் மெருகேற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். மேல்படிந்த அழுக்கு போகும், பள்ளம் போகாது. உடலுக்குள் இருக்கும் பிஸ்டனின் சீலைத் தொடவும் வழியில்லை, சிலிண்டரைப் பிரிக்க முடியாது. ராட் சுத்தமாக இருந்தால் மட்டும் கிட். இல்லையென்றால் புது சிலிண்டர். சேஸிஸ் பிராக்கெட்டில் ராடின் இருபுறமும் வரும் ரப்பர் புஷ்களையும் கூடவே மாற்றுங்கள். அவை நைந்திருந்தால் ஸ்டீயரிங்கில் ஒரு டக் சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

வால்வு கிட்தான் விவகாரமானது. ஸ்பூல் பக்கத்து சீல்கள், ஓ-ரிங்குகள், சில பொட்டலங்களில் முனை மூடி. பால் ஸ்டட், அதன் இருக்கைகள், ஸ்ப்ரிங், ரப்பர் பூட் ஆகியவை பெரும்பாலும் வேறு கிட். ஸ்டீயரிங்கில் ஆட்டமும் இருந்து லீக்கும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கினால் அதே வால்வை இரண்டு முறை இறக்கவேண்டிவரும்.

இறக்குவதற்கு: நான்கு ஹோஸ்களுக்கும் அடையாளம் போட்டுக் கழற்றுங்கள். பால் ஸ்டட்டைப் பிட்மன் ஆர்மிலிருந்து புல்லரால் விடுவியுங்கள். கவட்டைக்கருவியை அடித்தால் பூட் கிழியும். ரிலே ராடில் வால்வைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு திருகி எடுங்கள். திரும்ப அதே எண்ணிக்கைக்கு ஏற்றாவிட்டால் ஸ்டீயரிங் வீல் நேராக நிற்காது.

மேசையில்: முனை நட்டைக் கழற்றி, ஸ்பூல் இருக்கும் ஹவுசிங்கை அடாப்டரிலிருந்து பிரித்தால் ஸ்பூல், ஸ்ப்ரிங், வாஷர், சீல் வரிசையாக வரும். வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி, கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கிட்டோடு வரும் வரைபடம் தபால்தலை அளவு, அதை நம்பமுடியாது. ஸ்பூலைத் துடைத்து, ஆயில் தடவி, ஹவுசிங்குக்குள் விட்டுப் பாருங்கள். தன் எடைக்கே வழுக்கிச் செல்லவேண்டும். ஸ்பூலிலோ துளையிலோ நகம் தட்டும் கீறல் இருந்தால் கிட்டை மூடி வைத்துவிட்டு ரீபில்ட் வால்வு வாங்குங்கள். ஸ்பூலின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால்தான் ஆயிலைச் சரியாக வெட்டும். ஆகவே எமரி தாள் அதன் பக்கமே போகக்கூடாது. ஹோஸ் உட்காரும் பித்தளை இருக்கைகள் நசுங்கியிருந்தால் அவற்றையும் எடுக்கலாம்: நடுத்துளையில் 5/16-18 டேப் போட்டு, போல்ட், நட், வாஷர் வைத்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். டேப்பின் பித்தளைத் தூள் உள்ளே தங்கிவிடாமல் கழுவுங்கள்.

அடுத்தது கிட் பேசாத வேலை, அதாவது ஸ்பூலை நடுவில் நிறுத்துவது. முனை மூடிக்கு அடியில் இருக்கும் நட்தான் அதைத் தீர்மானிக்கிறது. இதைச் செய்யாமல் மூடிவிட்டால் புது சீல் போட்ட வண்டி ஒரு பக்கம் இழுக்கும், உடனே கிட் மட்டம் என்று பழி விழும். ஆன்லைன் கடைகளில் இந்தக் கிட்டுக்கு விழும் ஒற்றை நட்சத்திரங்களில் கணிசமானவை இந்த நட்டுக்குச் சேரவேண்டியவை என்பதே எங்கள் கணிப்பு.

முறை இது. வண்டி ஸ்டாண்டில், ஹோஸ் எல்லாம் மாட்டி, ஆயில் நிரப்பி, காற்று எடுத்த பிறகு, சிலிண்டர் ராடைச் சேஸிஸ் பிராக்கெட்டிலிருந்து கழற்றி விடுங்கள். ராடின் முனை எதிலும் இடிக்காமல் இருக்கட்டும். என்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள். ராட் உள்ளேயே ஒடுங்கி நின்றால், அது வெளியே வரத் தொடங்கும்வரை நட்டை வலப்புறம் திருப்புங்கள். வரத் தொடங்கியதும், மறுபடி உள்ளே போகத் தொடங்கும்வரை இடப்புறம் திருப்புங்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நட் எவ்வளவு சுழன்றதோ அதில் சரிபாதி வலப்புறம் திருப்பி நிறுத்துங்கள். ராட் முதலிலேயே வெளியே நீண்டுவிட்டால் இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். சரியாக அமைந்தால் ராட் அசையாமல் நிற்கும். கையால் இழுக்கவும் தள்ளவும் ஒரே அளவு பலம்தான் பிடிக்கும்.

நட்டைத் தேவைக்குமேல் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருக்கக்கூடாது. அதன் பிடி தளர்ந்துவிடும். சாக்கெட்டின் முனையில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பாதியைக் கணக்கிடுவது எளிது. நகர்வு மிகக் குறைவாகத்தான் இருக்கும், பொறுமை வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, முழுக்கைச் சட்டை போடுங்கள். முடிந்ததும் என்ஜினை அணைத்து, ராடைப் பிராக்கெட்டில் மாட்டி, நட்டின் முனையில் கிரீஸ் வைத்து மூடியைத் தட்டுங்கள். சீலில் குறையில்லாமல் இழுப்பு மட்டும் இருக்கும் வண்டிக்கு இந்த ஒரு வேலையே போதும். கிட்டே தேவையில்லை.

காற்று எடுப்பதைப் பலர் அவசரத்தில் கெடுக்கிறார்கள். முன்சக்கரம் தூக்கிய நிலையில், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே, ஸ்டீயரிங்கை மெதுவாகக் கோடிக்குக் கோடி இருபது முறையாவது திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் நின்ற பிறகே ஸ்டார்ட். அப்போதும் கோடியில் அழுத்திப் பிடிக்காதீர்கள். நுரை வந்தால் அணைத்துவிட்டு, அது அடங்கும்வரை விட்டுவிடுங்கள். ஊற்றவேண்டியது பவர் ஸ்டீயரிங் ஆயில். பிரேக் ஆயில் ஒரு மூடி அளவு போனாலும் இந்த ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். போட்ட கிட் அத்தனையும் போச்சு.

லீக் நிறுத்தும் பாட்டில் மருந்துகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவை ரப்பரை உப்பவைக்கும். காய்ந்து விறைத்த ஷாஃப்ட் சீலுக்குக் கொஞ்ச நாள் பலன் தரும். கிழிந்த சீலுக்கும் புள்ளி விழுந்த ராடுக்கும் ஒன்றும் செய்யாது.

ரீபில்ட் வால்வு வாங்குவதென்றால் பழையதைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் பொதுவாக விற்கிறார்கள். கடையில் கேட்கவேண்டியது ஒன்றே: ஸ்பூலும் துளையும் அளந்து பார்க்கப்பட்டவையா, அல்லது கழுவி, பெயின்ட் அடித்து, புது சீல் போட்டதா? இரண்டாவது வகைக்கு, கிட் வாங்கி வீட்டில் செய்வதே மேல். பெஞ்சில் நடுப்படுத்தி அனுப்பியதாகச் சொன்னாலும் வண்டியில் மாட்டிய பிறகு மேலே சொன்ன சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

வால்வும் சிலிண்டரும் வேண்டாம் என்பவர்களுக்கு போர்கெசன் (Borgeson) நிறுவனத்தின் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கிறது. ஹைட்ராலிக் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது, நான்கு ஹோஸ் இரண்டாகிறது, கசிய இடங்களும் குறைகின்றன. செலவு கிட்டைப்போலப் பல மடங்கு. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நியாயமான செலவு. ஒரிஜினல் பாகங்களுக்கு மதிப்பெண் தரும் கண்காட்சிக்குப் போகும் வண்டிக்கு அது பொருந்தாது. வால்வு, சிலிண்டர், நான்கு ஹோஸ் எல்லாமே ஒரே சமயத்தில் போயிருந்தால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிட்டோடு சேர்த்து ஹோஸும் ஆர்டர் செய்கிறவர்கள் வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் பம்ப் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய பம்பின் பிரஷர் ஃபிட்டிங் கூம்பு வாய் கொண்டது. பிற்கால சாகினா பம்புகளில் ஓ-ரிங் வைத்த மெட்ரிக் திரெட். ஒன்றின் ஹோஸை மற்றொன்றில் முறுக்கினால் இரண்டு மூன்று திரெட் ஏறி, பிடித்ததுபோலவே இருக்கும், அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொள்ளும். ஃபிட்டிங்கைக் கழற்றி முனையைப் படமெடுத்து அனுப்பிவிட்டே பணம் கட்டுங்கள்.